பாட்டு யாருக்கு

கோயிலில் யாராவது அழுதால் நான் முதலில் பாட்டைத்தான் சந்தேகப்படுவேன். நம் வயதுக்காரர்கள் பலருக்கும் இந்தப் புத்தி இருக்கும் என்று நினைக்கிறேன், வெளியே சொல்வதில்லை. சமீபத்தில் என் மகன் கிண்டிப் பக்கம் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்த ஆராதனைக்கு என்னைக் கூட்டிப் போனான். நீல விளக்கு, புகை, கிட்டார். பாடிய பெண்ணுக்கு அருமையான குரல். முன்வரிசையில் பிள்ளைகள் கையை உயர்த்திக்கொண்டு தேம்பினார்கள். முடிந்ததும் மருமகள், "எப்டி இருந்துச்சு அத்தை?" என்று கேட்டாள். "குரல் நல்லாருக்கு" என்றேன். அவளுக்கு அது போதவில்லை. முகம் வாடிவிட்டது.

கஞ்சத்தனத்தால் சொன்னது இல்லை. அழகாகப் பாடுகிறவர்களுக்கு முன்னால் நான் ஓர் அடி தள்ளி நிற்கிறவள். அந்தப் பழக்கம் எனக்கு மந்தைவெளியில், ஒன்பது பத்து வயதில், ஒரு லெந்து காலத்தில் வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் வரும் தபசு நாட்களை எங்கள் வீடுகளில் லெந்து என்றுதான் சொல்வோம்.

அப்போது வீட்டில் அப்பா, அம்மா, நான் மூன்று பேர். அதற்கு முந்தைய வருடம் வரை நான்கு பேர். தம்பி காய்ச்சலில் போய்விட்டான். அவனுடைய அடக்க ஆராதனை நாங்கள் அந்நாளில் போய்க்கொண்டிருந்த பெரிய கோயிலில் நடந்தது. உயரமான கூரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், கால் வைத்து அமுக்கி வாசிக்கிற ஆர்கன், வெள்ளை அங்கி போட்ட பாடகர் குழு. அம்மா அந்தக் குழுவில் பாடுகிறவள். அன்றைக்கு மட்டும் அவள் கீழே, எங்களோடு உட்கார்ந்திருந்தாள். காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து சின்னப் பெட்டியின் மேல் சிவப்பும் பச்சையுமாக விழுந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வரும்போது வாசல் கேட்டருகில் உறவுக்காரர் ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆராதனை ரொம்ப அழகா இருந்துச்சு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அப்பா கையை உருவிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கேட்டுக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை.

சில மாதம் கழித்து, கிண்டித் தொழிற்பேட்டையில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் தி.நகரில் ஒரு சபைக்கு அவரை அழைத்துப் போனார். நாங்களும் அங்கே போகத் தொடங்கினோம். அது ஒரு பாத்திரக் கடையின் மாடி. சுண்ணாம்பு அடித்த சுவர். சிலுவைகூடக் கிடையாது. நான்கைந்து பெஞ்சு, ஓர் இரும்பு மேசை, அதன்மேல் ஒரு தம்ளர் தண்ணீர். வாத்தியம் கிடையாது. பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு பின்னால் உட்கார வேண்டும். நகை கூடாது, பூ கூடாது, சபையில் குரல் எழும்பக் கூடாது. கீழே கடையில் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிற டக் டக் சத்தம் ஜெபம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அங்கே போனால்தான் அவர் தோள் கொஞ்சம் தளரும்.

சபையை நடத்தியவரை எல்லோரும் மூப்பர் என்பார்கள். ஒல்லியான மனிதர். பேச்சு தாழ்ந்திருக்கும். வேத வசனத்தை வாசிக்கும்போதுகூட ஏற்ற இறக்கம் இல்லாமல், சாமான் சீட்டு வாசிப்பதுபோல வாசிப்பார். "அழகு ஜனங்களைத் தூங்க வெச்சிரும்" என்று அடிக்கடி சொல்வார். எனக்குப் புரியாது. தூக்கம் வந்தது எனக்கு அங்கேதான்.

அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. முக்காடு போட்டாள். பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆனால் வீட்டில், அப்பா வேலைக்குப் போன பிறகு, பின்கட்டில் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து பாடத் தொடங்கினாள். கோயிலில் பாடிய பாட்டுகள் இல்லை, எனக்குத் தெரியாத பாட்டு. முதலில் வார்த்தை இல்லாமல் வெறும் மெட்டாக இருந்தது. பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்து சேர்ந்தது. ஒரு சொல்லைப் போட்டுப் பார்ப்பாள், கல்லை நிறுத்துவாள், வேறு சொல்லை மாற்றுவாள். மாவு கையோடு நெற்றியைத் துடைத்துக்கொள்வாள். லெந்து தொடங்கிய வாரத்தில் நான்கு வரி சேர்ந்த ஓர் அடி முழுதாக நின்றது.

வருவேன் என்று சொல்லிப் போனவனே – என்
வாசல் விளக்கில் எண்ணெய் வற்றுதே
தெருவில் கேட்கும் காலடி எல்லாம் – உன்
திருவடி என்றே நெஞ்சு பற்றுதே

"யாரும்மா வருவேன்னு சொன்னது?" என்று கேட்டேன்.

"கல்லைப் பிடி, உளுந்து அள்ளணும்" என்றாள்.

பதில் சொல்லாததால் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த வயதில் சந்தேகம் பொட்டுப்போல ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாமி வீடு. சுவருக்கு மேலே கறிவேப்பிலையும் பேச்சும் போய்வரும். தெரு வழியாக மீன்காரம்மா வருவாள். கடற்கரைக் குப்பத்திலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வருகிறவள். கழுத்தில் மாதா படம் கோத்த கயிறு போட்டிருப்பாள். அவளுக்கு அம்மாவின் பாட்டு பிடிக்கும். "நீ பாடிக்கினே இரு, நான் சுத்தம் பண்ணிக் குடுக்கறேன்" என்று படியில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் சீவுவாள்.

அந்த நாட்களில்தான் பாட்டு வாத்தியார் வந்தார். பெரிய கோயிலின் பாடகர் குழுவை நடத்தியவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, வேட்டியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். வரும்போதே ஜவ்வாது மணக்கும். அவர் முன்னறையில் உட்கார்ந்திருக்க, அம்மா நிலைப்படியில் நின்றபடி பேசினாள். என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். நான் வரும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தரம் பாடுங்க. அந்தக் கடைசி வரி மட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பாடினாள். அவர் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார். அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. தம்பி போனபிறகு நான் பார்க்காத முகம் அது.

மறுபடியும் வந்தார். போனபிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு, "அப்பா கேட்டா மறைக்காம சொல்லு. கேக்கலைன்னா நீயாப் போய்ச் சொல்லாத" என்றாள். அது எனக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. மறைக்க வேண்டியது இல்லையென்றால் நானாகச் சொன்னால் என்ன?

அப்பாவே கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"யாரு வந்தாங்க?"

"பாட்டு வாத்தியார்" என்றேன்.

"எதுக்கு?"

அம்மா சமையலறையிலிருந்து, "சும்மா விசாரிக்க வந்தார்" என்றாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஜன்னல்களைத் திறந்துவிட்டார். பங்குனி உற்சவத்துக்காக மாடவீதிப் பக்கம் நாகஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் அந்தச் சத்தத்துக்காக ஜன்னலைச் சாத்துகிறவர்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவர் பின்கட்டில் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமி பேசினாள். "உங்காத்துல என்னமா பாடறா தெரியுமா? 'வருவேன்னு சொல்லிப் போனவனே'ன்னு ஒண்ணு. யாரை நெனச்சுண்டு பாடறாளோ, கேக்கறவாளுக்குக் கண்ணுல ஜலம் வந்துடறது." வெள்ளை மனசு. புகழ்ந்துதான் சொன்னாள். அப்பா சொம்பைக் கீழே வைத்தார். கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

"யாரை நெனச்சு?" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

அன்றிலிருந்து வீடு மாறியது. அப்பா சத்தம் போடுகிறவர் இல்லை. அவர் கவனிக்கத் தொடங்கினார். மத்தியானத்தில் காரணமில்லாமல் வீட்டுக்கு வந்தார். வாசல் விளக்கின் திரியை விரலால் தொட்டுப் பார்த்தார். அம்மா தெருப்பக்கம் திரும்பினால் அவரும் திரும்பினார். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டுக்கல் வெறுமனே சுற்றியது. மீன்காரம்மா வந்து, "இன்னாம்மா, பாட்டையே காணோம்? எங்க கோயில்ல பெரிய வெள்ளி அன்னிக்கு மாதாவுக்குக் கறுப்புப் பொடவை கட்டி ஒக்காந்து அழுவோம். பாட்டில்லாம அழுகை எங்கருந்து வரும்?" என்றாள். அம்மா, "இன்னிக்கு மீன் வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

நானும் அம்மாவைச் சந்தேகப்பட்டேன். இதை ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, பிள்ளைகள் வீட்டுக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். ராத்திரி படுக்கும்போது அவள் புடவையில் ஜவ்வாது மணக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பேன். மஞ்சளும் உளுந்தும்தான் மணக்கும்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் படியிறங்கிய பிறகு, அப்பா எங்களை மாடியிலேயே நிற்கச் சொன்னார். மூப்பர் இரும்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அப்பா அவரிடம் ஏற்கெனவே பேசியிருந்தார் என்று தெரிந்தது. அம்மாவை ஊருக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குக் கொஞ்ச காலம் அனுப்பிவைப்பதாகப் பேச்சு அடிபட்டிருக்கிறது. எனக்கு அப்போது அது தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றாள்.

"ஒரு பாட்டு பாடறியாமே" என்றார் மூப்பர். "யாருக்கு அது?"

"கேக்கறாருல்ல" என்றார் அப்பா.

"சபையில பொம்பளைங்க பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் அம்மா.

மூப்பர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சபை கலைஞ்சாச்சு. இது பாத்திரக் கடை மாடி. பேசும்மா."

"எல்லாரும் ஒரு அடிதான் கேட்டிருக்காங்க. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் கேளுங்க."

சொல்லிவிட்டுப் பாடினாள். சுருதி இல்லை, தாளம் இல்லை. கீழே டக் டக் என்று யாருடைய பெயரையோ வெட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் அடி முடிந்ததும் அப்பா தரையைப் பார்த்தார். அவள் நிறுத்தாமல் அடுத்ததற்குப் போனாள்.

பூவைச் சூட மனம்வர வில்லை – உன்
பொன்முடி முள்முடி ஆனபின்னே
சாவைத் தொட்டுத் திரும்பிய கையால் – என்
தாழ்ப்பாள் திறவாய் விடியும்முன்னே

முள்முடி என்ற சொல் வந்தபோது அப்பாவின் தலை நிமிர்ந்தது. எனக்கும் பளிச்சென்று புரிந்தது. ஞாயிறு பள்ளியில் படித்த பிள்ளைக்கு, சிலுவையில் மரித்தவர் தலையில் வைத்த முள்முடியைச் சொல்லித்தர வேண்டுமா?

மூப்பர் தம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "பூவை எப்போம்மா எடுத்தே?" என்று கேட்டார்.

"பையன் போன அன்னிக்கு."

"நாங்க சொன்னதுக்காக இல்லையா?"

"இல்லைங்க ஐயா. நீங்க சொன்னப்போ எடுக்கிறதுக்கு எங்கிட்ட பூவே இல்ல."

கீழே சத்தம் நின்றிருந்தது. பிறகு மூப்பர் பேசினார். அவர் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

"நான் நாடகத்துல பாடினவன். உங்க யாருக்கும் தெரியாது. நான் பாடினா கொட்டகையே அழும். முன்னால உக்காந்து தேம்பினவன் வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியப் போட்டு அடிப்பான். அடுத்த நாள் மறுபடி வந்து அழுவான். நானும் அப்படித்தான் இருந்தேன். பாடிட்டு வந்ததும் பெரிய பரிசுத்தவான் மாதிரி இருக்கும். ஒரு மண்ணும் மாறியிருக்காது. அதனாலதான் இங்க ஒண்ணும் வெக்கல." அம்மாவைப் பார்த்தார். "உன் பாட்டு நல்லா இருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு. பாடாதேன்னு சொல்ல மாட்டேன். இங்க பாடச் சொல்லவும் மாட்டேன்."

அப்பாவுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "அந்த வாத்தியாரு?"

"பெரிய வெள்ளிக்கு வந்து பாட முடியுமான்னு கேக்க வந்தார். அந்தக் கோயில் பேரை எடுத்தாலே நீங்க எழுந்து போயிருவீங்க. எப்படிச் சொல்றது?"

பஸ் நிறுத்தத்தில் நாங்கள் மூவரும் வரிசையாக நின்றோம். ஜவுளிக் கடைக்கு வந்த கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. அப்பா தெருவைப் பார்த்தபடி சொன்னார்: "எங்கிட்ட ஒருநாளும் நீ இப்படிப் பேசினதில்ல."

பஸ் ஒன்று வந்தது, எங்களுடையது இல்லை. அது போன பிறகு அம்மா சொன்னாள்: "நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னு நான் தவிச்சதே இல்லியே. ஆறு மணியானா வந்துருவீங்க."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அந்த மாதத்தில் முதல்முறையாக, கவனிப்பதற்காக இல்லாமல் பார்த்தார்.

நான் அவ்வளவு சுலபமாக நம்பிவிடவில்லை. பெரியவர்கள் ஒரு பாட்டைக் கேட்டு இப்படித் தீர்ந்துபோவார்களா என்று இருந்தது. மூப்பர்மேலும் எனக்கு ஒரு சந்தேகம் விழுந்தது. அடுத்த வாரம் நான் எல்லோருக்கும் முன்னால் படியேறிப் போனபோது, அவர் பெஞ்சுகளைத் துடைத்தபடி வாய்க்குள் ஒரு மெட்டை முனகிக்கொண்டிருந்தார். அம்மாவின் மெட்டு. என்னைப் பார்த்ததும் இருமி, துணியை உதறினார். அன்றைய பிரசங்கத்தை வழக்கத்தைவிட வறட்சியாகச் செய்தார். இன்றைக்கு யோசித்தால் அந்த மனிதர் அழகை வெறுக்கவில்லை. குடித்து மீண்டவன் சாராயக் கடையைச் சுற்றிக்கொண்டு போவதுபோலப் போயிருக்கிறார். அன்றைக்கு எனக்கு அவர் பொய்க்காரராகத் தெரிந்தார். பாட்டு வாத்தியாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்கும்போது அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சம் பாட்டினால் மட்டும்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செய்ததை ஒருவர் சரியாகக் கேட்கிறார் என்றாலே ஒரு முகம் அப்படி ஆகலாம். அதற்குமேல் நான் தோண்டவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு தாண்டியதும் பாட்டு வாத்தியார் திரும்ப வந்தார். இந்த முறை அப்பா வீட்டில் இருந்தார். கதவைத் திறந்தவரும் அப்பாதான். வாத்தியார் வாசலிலேயே நின்றார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா நிலைப்படியில் வந்து நின்றாள்.

"எங்க கோயில் போதகர் ஒண்ணு சொல்றார்" என்றார் வாத்தியார், யாரையும் பார்க்காமல். "ரெண்டாவது அடி போதும்ங்கறார். முதலாவது சினிமாப் பாட்டு மாதிரி இருக்காம். விட்டுடலாமான்னு கேக்கச் சொன்னார்."

வண்ணக் கண்ணாடியும் ஆர்கனும் வைத்திருந்த கோயிலுக்கும் பயம் இருந்திருக்கிறது.

"ஏன் விடணும்?" என்றார் அப்பா.

"ஜனங்க வேற மாதிரி அர்த்தம் எடுத்துக்குவாங்கன்னு..."

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துக்கட்டும்" என்றார். "நானும் எடுத்தேன். அப்புறம் கடைசி வரைக்கும் கேட்டேன். அவங்களும் கடைசி வரைக்கும் கேக்கட்டும்."

வாத்தியார் எழுந்தார். அப்பா அவரைச் சைக்கிள் வரை கொண்டுபோய் விட்டார். அம்மா நிலைப்படியிலேயே நின்றாள். சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் விழுந்தது. அவள் போகவில்லை, நான்தான் ஓடிப்போய் இறக்கினேன்.

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை உச்சிவேளையில். அம்மா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டாள். அப்பா, "நானும் வரேன். உள்ள வரமாட்டேன்" என்றார். அம்மா சரியென்று தலையாட்டினாள். கேட் வந்ததும் அவள் மட்டும் உள்ளே நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் அப்பாவோடு நின்றுவிட்டேன். நிழல் இல்லாத சுவரோரம். வெயிலில் தார் இளகி மணந்தது. வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவன் கோணிக்கு அடியில் தூங்கினான். பக்கவாசலில் பாட்டு வாத்தியார் யாரையோ உள்ளே அனுப்பிக்கொண்டு நின்றார். அப்பாவின் கண் அவர்மேல் போய் நின்றது. அவர் உள்ளே போகும் வரை எடுக்கவில்லை.

பிரசங்கம் முணுமுணுப்பாக வந்தது. இடையிடையே எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். அதில் அம்மாவைப் பிரிக்க முடியவில்லை. பிறகு ஆர்கன் நின்றது. ஒரே ஒரு குரல். வருவேன் என்று சொல்லிப் போனவனே.

அப்பா கேட்டின் கம்பியைப் பிடித்தார், சூடு தாங்காமல் விட்டார். பிறகு குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினார். மற்றதையும் கழற்றி, இரண்டையும் சுவரோரம் தள்ளி வைத்தார். வெறுங்காலோடு தெருவில் நின்றார்.

"ஏம்பா?" என்றேன்.

"கடிக்குது" என்றார்.

இரண்டு அடியும் முடிந்து, மறுபடி எல்லோரும் பாடத் தொடங்கி, அதுவும் முடியும் வரை அவர் அங்கிருந்து அசையவில்லை. அம்மா வெளியே வந்தபோது செருப்பைப் போட்டிருந்தார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸில் எனக்கும் அவளுக்கும் உட்கார இடம் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். அம்மா கீழே பார்த்தாள்.

"கால்ல என்ன?"

"செருப்பு கடிச்சிருச்சு."

வீட்டுக்கு வந்ததும் அவள் வெண்ணெய் எடுத்துவந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். கொப்புளங்கள் எல்லாம் உள்ளங்காலில் இருந்தன. செருப்பு அங்கே கடிக்காது என்று எனக்கே தெரியும். அம்மா ஒவ்வொன்றாகத் தடவி முடித்தாள். பிறகு, "புதுசா ஒரு செருப்பு வாங்கிக்கங்க" என்றாள்.

"வாங்கணும்" என்றார் அப்பா.